காட்டில் தங்கினீர்களா

மருத்துவத்தில் செயற்கை அறிவு என்ற பாடத்தை நான் எட்டு வாரம் படிப்பித்திருக்கிறேன். இன்றைக்கு அதைப் பற்றி மேடை மேடையாகப் பேசித் திரிகிறவர்கள் அரைக்காற்சட்டையோடு ஓடித்திரிந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி, யுத்தம், திருகோணமலை. மின்சாரம் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. அங்கே ஒரு தாதியர் பயிற்சிப் பாடசாலையில் நான் ஆசிரியையாக இருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. எனக்கு அந்தப் பாடத்தில் ஒரு மண்ணும் தெரியாது. எங்களுக்குள் தட்டச்சுத் தெரிந்த ஒரே ஆள் நான் என்பதால் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

கொம்பியூட்டரைக் கொண்டுவந்தவர் எங்கள் ஊரில் பிறந்து, பதினைந்து வருடம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஒரு பொறியியலாளர். வந்த அன்று தேத்தண்ணீர் கொடுத்தோம். கோப்பையைத் தூக்கிப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு, தன்னுடைய போத்தலில் இருந்து தண்ணீர் குடித்தார். நுளம்புக்குப் பயந்து அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை. மலேரியாக் குளிசையை நேரம் பார்த்து விழுங்கினார். நூறு வைத்திய நிபுணர்களின் மூளையை ஒரு பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவந்திருப்பதாகவும், டொக்டர்மார் இல்லாத எங்கள் மாவட்டத்துக்கு இனி அந்தக் குறை இல்லை என்றும் எங்களுக்கு விளங்கப்படுத்தினார். அந்த நூறு பேரில் ஒருவரையாவது கூட்டிக்கொண்டு வந்திருக்கலாமே என்று கேட்க வாய்வரை வந்தது. பாடசாலை அதிபர் பக்கத்தில் நின்றபடியால் அடக்கிக்கொண்டேன்.

அதிபரைப் பற்றிச் சொல்லாமல் விடுவதுதான் அவருக்கு நல்லது, ஆனால் மனம் கேட்கவில்லை. பெட்டிக்குச் சந்தனம் வைத்தார். கற்பூரம் காட்டப் போனவரைப் பொறியியலாளர் ஓடி வந்து தடுத்தார். பிறகு அந்த அறைக்குள் செருப்போடு போகக்கூடாது என்று கதவில் எழுதி ஒட்டினார். ஊருக்குள் ஆடுமாடு போலத் திரிகிற மான்களில் ஒன்று முற்றத்துக்கு வந்து அந்தக் கடுதாசியைத் தின்றுவிட்டது. மறுபடி எழுதி உயரத்தில் ஒட்டினார். அறையின் ஜன்னலைத் திறந்தால் உள்துறைமுகமும் கடற்படைப் படகுகளும் தெரியும் என்பதால் அதைத் திறக்க அனுமதியில்லை. ஆக, வெறுங்காலோடு, மூடின அறைக்குள், வியர்த்து வடிந்துகொண்டு நாங்கள் நவீன விஞ்ஞானத்தைக் கற்றோம்.

கொம்பியூட்டரை நகருக்குள் வைத்திருப்பதற்குத் துறைமுகப் படைமுகாமில் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. இரண்டு நிபந்தனைகள் போட்டார்கள். நோயாளி யாரைப் பதிந்தாலும் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை ஒரு அதிகாரி வந்து பதிந்ததை எல்லாம் பார்ப்பார். பொறியியலாளர் சந்தோசமாகத் தலையாட்டி, இலக்கம் போடாவிட்டால் முதல் கேள்விக்கே போகமுடியாதபடி செய்நிரலை மாற்றிக் கொடுத்தார். நூறு நிபுணர்களோடு நூற்றியோராவது ஆளாக முகாமும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்தது. அதில் ஏதும் பிழை இருப்பதாக அவருக்குப் படவே இல்லை.

வேலை செய்கிற விதம் இதுதான். பெட்டி ஆங்கிலத்தில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கும். நாங்கள் நோயாளியிடம் தமிழில் கேட்டு, ஆம் அல்லது இல்லை என்று பொத்தானை அமத்தவேண்டும், ஆம் என்றால் சிலவேளை எத்தனை நாள் என்றும் கேட்கும். நாற்பது கேள்வி முடிந்ததும் என்னென்ன நோயாக இருக்கலாம் என்று வரிசைப்படுத்திச் சொல்லும், அடுத்து எதைப் பார்க்கவேண்டும் என்றும் சொல்லும். முதல் வகுப்பிலேயே சிரிப்புக் காட்டிவிட்டது. அண்மையில் வெப்பவலய நாடு எதற்கும் பயணம் செய்தீர்களா என்று கேட்டது. என் மாணவிகள் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு, இல்லை மிஸ், நாங்க ஒரு இடமும் போகேல்லை என்றார்கள். ஆமிச் சோதனைச் சென்றி தாண்டிப் பக்கத்துக் கிண்ணியாவுக்குப் போகவே யோசிக்கிற பிள்ளைகள். இல்லை என்று அமத்தினார்கள். பெட்டி அவர்களைப் பனிக்கட்டிக்குள் குடியிருக்கிறவர்களாக எடுத்துக்கொண்டு, மலேரியாவைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. நான் ஏன் சிரிக்கிறேன் என்று குறிப்புக் கொப்பியில் எழுதுவதற்காகப் பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அப்படிப்பட்ட மாணவிகள். இருபத்திரண்டு பேர். நான் எதைச் சொன்னாலும் எழுதுவார்கள். இருமினாலும் எழுதுவார்கள். செயற்கை அறிவு எனப்படுவது யாதெனில் என்று தொடங்கி, நானே அரைகுறையாகக் கட்டிக்கொடுத்த ஒரு வரைவிலக்கணத்தை அடுத்த நாள் ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்புவித்தார்கள். அர்த்தம் என்ன என்று கேட்டால் இருபத்திரண்டு முகமும் குனியும். எனக்கு அந்தக் குனிந்த தலைகளைப் பார்க்கிற நேரமெல்லாம் பத்திக்கொண்டு வந்தது. நான் கொழும்பில் படித்தவள், மூன்று மொழி தெரிந்தவள், என் கூடப் படித்தவர்கள் கடல் தாண்டிப் போய் வேலை செய்கிறார்கள். நான் இங்கே மூடின ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று இவர்களுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த எரிச்சலை நான் மறைக்கவும் இல்லை. மறைக்கவேண்டும் என்று நினைக்கவும் இல்லை.

அவர்களுக்குள்ளேயும் ஒருத்தி இருந்தாள், அன்புவழிபுரத்துப் பிள்ளை, கடைசி வாங்கு. எழுதுகிறதிலும் மந்தம். ஆஸ்பத்திரி வாட்டில் நோயாளியோடு கதைக்கும்போது கொப்பியை மூடி மடியில் வைத்திருப்பாள். மற்றவர்கள் மூன்று பக்கம் எழுதிக்கொண்டு வருகிற இடத்தில் இவள் வெறுங்கையோடு வருவாள். கேட்டால், பிறகு எழுதுறன் மிஸ் என்பாள். மரமண்டை என்று அவளுக்கு நான் பெயர் வைத்திருந்தேன். முகத்துக்கு நேரேயும் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாவது வாரம் ஆண்கள் வாட்டுக்கு ஒரு காய்ச்சல்காரர் வந்தார். உட்பக்கக் கிராமம் ஒன்றில் வயல் செய்கிறவர், நாற்பத்தாறு வயது. மனைவி வெளியே வேம்பின் கீழ் ஒரு பையோடு இருந்தார். நாலைந்து நாளாக எரிகிற காய்ச்சல், தலையிடி, கண் சிவப்பு. வந்த அன்று நானே ஈரத்துணியால் உடம்பு துடைத்துவிட்டேன். இது மலேரியா என்று தொட்டதுமே சொன்னேன். இரத்தத்தில் ஒன்றும் இல்லை என்று ஆய்வுகூடத்திலிருந்து துண்டு வந்தது. அங்கே இருக்கிறவருக்குக் கண் தெரியாது என்றேன். இரண்டாம் முறையும் இல்லை என்று வந்தது. அப்போதும் அதையே சொன்னேன். வாட்டுக்கு இருந்த ஒரே டொக்டர் படிப்பு முடித்து வந்து மூன்று மாதமான தம்பி, என் வாயைப் பார்த்து மருந்து எழுதுகிறவர். மலேரியாக் குளிசை தொடர்ந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. மனைவி ஒவ்வொரு காலையும் என் சேலையைப் பிடிக்காத குறையாக வந்து நின்று, தப்புவாரோ மிஸ்ஸி என்று கேட்பார். தப்புவார், போய்த் தேத்தண்ணி குடியுங்கோ என்று நான் அதே பதிலைச் சொல்வேன்.

வகுப்புப் பயிற்சிக்கு இந்த மனிதரை எடுத்தேன். உண்மையைச் சொல்வதென்றால், பெட்டி மறுபடியும் கோமாளியாவதைப் பார்க்க ஆசைப்பட்டேன். அந்தப் பயணக் கேள்விக்கு இந்த முறை ஆம் என்று அமத்தச் சொல்லியிருந்தேன், அவ்வளவு நீதியாவது செய்வோம் என்று. கேள்விகளைக் கடுதாசியில் எழுதிக்கொண்டு மாணவிகள் அவருடைய கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சமீபத்தில் காட்டில் தங்கினீர்களா? இல்லை. புதர் வெட்டினீர்களா? இல்லை. உடம்பில் புண், கடி ஏதும் உண்டா? இல்லை. வெளியில் படுத்தீர்களா? இல்லை.

எங்கள் சனத்துக்கு அப்போது ஒரு பழக்கம் இருந்தது. கையில் பேனையோடு ஒருவர் கேள்வி கேட்டால் பதில் இல்லை என்பதுதான். சென்றியிலும் சுற்றிவளைப்பிலும் பத்துப் பன்னிரண்டு வருடமாகப் பழகின வாய். வீட்டில் யாராவது வந்து தங்கினதா, இல்லை. விடிய முதல் கடலுக்குப் போனதா, இல்லை. காட்டுப் பக்கம் போனதா, இல்லை. கேள்வி முடியுமுன்னம் இல்லை வந்துவிடும். எழுதுகிறவர் வெள்ளைச் சேலை கட்டிய பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தாலும் அந்த வாய்க்கு வித்தியாசம் தெரியாது. நூறு நிபுணர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்கவேண்டும். நான் அதே ஊரில் அதே சென்றியில் அதே இல்லையைச் சொல்லிக்கொண்டு தினமும் வேலைக்கு வருகிறவள்.

அவ்வளவு இல்லைகளையும் வாங்கிய பெட்டி, சாதாரணத் தடிமன், சளிக் காய்ச்சல் என்று முதலிடம் கொடுத்தது. நாங்கள் பதிந்தது பொறியியலாளர் இலக்கத்தோடு முன்பே போட்டுவைத்த ஒரு பயிற்சிப் பதிவின் கீழ் என்பதால் அந்த மனிதரின் பெயர் அதில் ஏறவில்லை. நான் மாணவிகளைத் திரும்பிப் பார்த்து, இதுதான் உங்கள் செயற்கை அறிவு, எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். எழுதினார்கள். எனக்கு அன்று நல்ல பசி எடுத்தது, வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் காலை அந்தக் கடைசி வாங்குப் பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். நான் நிமிரவில்லை. அவளாகத் தொடங்கினாள்.

"மிஸ், அந்த ஐயா காட்டில தங்கினவராம். மாடு துலைஞ்சு தேடிப் போனவர். அஞ்சு நாள். போகக்கூடாத பக்கமாம், அதுதான் சொல்லேல்லை."

இப்போதுதான் சொன்னாரா என்று கேட்டேன். தான் ஒன்றும் எழுதாமல் இருந்ததால் சொன்னவர் என்றாள். பிறகு, தயங்கித் தயங்கி, தான் தனியே போய்ப் பெட்டியில் எல்லாவற்றையும் சரியாகப் பதிந்து பார்த்ததாகவும், அது புதரில் இருக்கிற உண்ணி கடித்து வருகிற உண்ணிக் காய்ச்சல் என்று முதலில் காட்டுவதாகவும் சொன்னாள்.

அதற்கு மேல் அவளை நான் கதைக்க விடவில்லை. ஒரு மனிதர் செத்துக்கொண்டிருக்கிறார், நீ விளையாட்டுச் சாமானோடு விளையாடுகிறாயா என்று கேட்டேன். ஆங்கிலத்தில் ஒரு வசனம் சரியாக வாசிக்கத் தெரியாதவள் எனக்கு நோய் சொல்ல வந்திருக்கிறாள் என்றேன். வாட்டுக்கே கேட்டிருக்கும். அவள் ஓம் மிஸ் என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த ஒரு பகல் முழுவதும் அந்த மனிதருக்கு அதே மலேரியாக் குளிசை போனது. அன்று பின்னேரம் அவர் புலம்பத் தொடங்கினார். மனைவியை யார் என்று தெரியவில்லை. அன்று மனைவி தப்புவாரோ என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்.

மேசைக்குத் திரும்பி வந்தபோது கொப்பியில் கிழித்த ஒரு தாள் இருந்தது. பெட்டி ஆங்கிலத்தில் காட்டியதை எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருந்தாள், கோணல் மாணலாக. அக்குள், அரை, தொடை இடுக்குகளில் தேடவும் என்று இருந்தது. உண்ணி கடித்த இடத்தில் சிகரட்டால் சுட்டது போன்ற கறுத்த வட்டப் பொருக்கு இருக்கும், வலி இராது என்று இருந்தது.

அந்தப் பொருக்கை நான் பார்த்திருந்தேன். வந்த முதல் நாள், உடம்பு துடைக்கும்போது, வலது தொடை இடுக்கில். பார்த்த அடுத்த கணம் போர்வையை இழுத்து மூடியிருந்தேன்.

அதை எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை. அந்தக் காலத்தில் ஆண்கள் வாட்டில் வட்டமான சூட்டுக் காயம் காண்பது புதினமில்லை. விசாரணைக்குக் கொண்டுபோய் விட்டவர்களின் உடம்பில் அது இருக்கும். முதுகில் இருக்கும், சொல்லக் கூசுகிற இடங்களிலும் இருக்கும். நாங்கள் கேட்கமாட்டோம். கண்டால் துணியை இழுத்து விட்டுவிட்டு, வயல் எப்படி, மழை பெய்ததா என்று வேறு கதை கதைப்போம். யாரும் எங்களுக்குப் படிப்பித்த பாடமில்லை, எல்லா நேர்ஸ்மாரும் அப்படித்தான் செய்தோம். அது நாங்கள் அவர்களுக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்தோம். அந்த மரியாதையால் நான் ஒரு மனிதரைக் கொன்றுகொண்டிருந்தேன்.

டொக்டர் தம்பியை இழுத்துக்கொண்டு வாட்டுக்கு ஓடினேன். போர்வையை விலக்கிக் காட்டினேன். உண்ணிக் காய்ச்சலுக்குக் கொடுக்கிற ரெட்ராசைக்கிளின் அப்போதே தொடங்கியது. இரண்டாம் நாள் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் கஞ்சி கேட்டார், உப்புப் போதாது என்று குறையும் சொன்னார். மனைவி என் கையைப் பிடித்து, நீங்கதான் தெய்வம் மிஸ்ஸி என்று அழுதார். நான் அதைத் திருத்தவில்லை.

அந்தப் பிள்ளைக்கும் நான் நன்றி சொல்லவில்லை. கூப்பிட்டு, பெட்டி ஏதோ குருட்டுவாக்கில் சொல்லிவிட்டது, இதைப் பெரிதாக எடுக்காதே என்றேன். ஓம் மிஸ் என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலக்கம் போடாமல் பெட்டி முதல் கேள்விக்கே போகாதே. பயிற்சிப் பதிவு எது என்று இவளுக்குத் தெரியாதே. அந்த மனிதரின் பெயரையா போட்டாய் என்று கேட்டேன்.

"இல்லை மிஸ். அவற்ற பேரில காடு எண்டு போட்டா அவரைப் பிடிச்சிருவாங்கள். என்ர பேரையும் நம்பரையும் போட்டனான்."

ஏதாவது பொய் இலக்கம் போட்டிருக்கலாமே என்று கத்தினேன். பொய் இலக்கம் போட்டால் அது யாரோ ஒருவரின் உண்மை இலக்கமாக இருந்துவிடுமே, அவர் பாவம் இல்லையா என்று கேட்டாள். வயதையும் ஆண் பெண் என்பதையும் மட்டும் அந்த ஐயாவுடையதையே போட்டாளாம், அதை மாற்றினால் நோயைப் பிழையாகச் சொல்லிவிடும் என்று. என் வரைவிலக்கணத்தை ஒப்புவித்த இருபத்தொரு பேருக்கும் எனக்கும் விளங்காத பாடம் இவளுக்கு விளங்கியிருந்தது. அதை வியப்பதற்கு நேரமில்லை. அடுத்த நாள் காலை முகாமிலிருந்து அதிகாரி வருகிற நாள். பெட்டிக்குள் இருபது வயதுத் தமிழ்ப் பெண் ஒருத்தியின் பெயர், அடையாள அட்டை இலக்கம், அதற்குக் கீழே, இயக்கம் நடமாடுகிறது என்று தடைசெய்த காட்டில் ஐந்து இரவு. அதை வாசிக்கிற அதிகாரி என்ன நினைப்பார் என்று எங்களில் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. அதைவிடக் குறைந்த காரணத்துக்குப் போனவர்கள் திரும்பி வராத வீடுகள் லிங்கநகரிலும் இருந்தன, அன்புவழிபுரத்திலும் இருந்தன.

அழிக்கப் பார்த்தோம். இரகசியச் சொல் கேட்டது. அதைத் தெரிந்தவர் பொறியியலாளர் மட்டும், அவர் கொழும்பு போய் விமானமும் ஏறிவிட்டார். போவதற்கு முதல் நாள், பதிவுகளைக் கையாளுகிற விதத்தைக் காட்டித் தருகிறேன், ஒரு அரை மணித்தியாலம் வாருங்கள் என்று அவர் என்னைக் கூப்பிட்டார். எனக்கு வாட்டில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு, குசினிக்குப் பின்னால் போய் மானுக்கு வாழைப்பழத் தோல் போட்டுக்கொண்டு நின்றேன். எட்டு வாரப் பாடத்தின் ஆசிரியைக்கு ஒரு வரியை அழிக்கத் தெரியாது. உடைத்துப்போடலாமா என்றும் யோசித்தேன். உடைந்தால் ஏன் உடைந்தது என்று இருபத்திரண்டு பேரையும் கேட்பார்கள்.

அதிகாரி காலை பத்து மணிக்கு வந்தார். இளம் ஆள், சப்பாத்தைக் கழற்றச் சொல்லி அதிபர் கேட்கவில்லை. கதிரையில் இருந்து பதிவுகளை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். பெயரை வாசித்து, இந்தப் பிள்ளை இங்கேயா என்று சிங்களத்தில் கேட்டார். வாசலில் நின்ற இரண்டு சிப்பாய்களும் நிமிர்ந்தார்கள். அதிபர் என்னைப் பார்த்தார். நான் அவளைக் கூப்பிட்டேன். வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஐந்து இரவு காட்டில் என்று இதில் இருக்கிறதே என்று அவர் என்னிடம் கேட்டார்.

நான் சிரித்தேன். எங்கிருந்து அந்தச் சிரிப்பு வந்தது என்று இன்றைக்கும் தெரியாது, ஆனால் நல்ல சிரிப்பு, வயிற்றிலிருந்து வந்தது. சரளமான சிங்களத்தில் சொன்னேன்: "மேலே வாசியுங்கள் சேர். தன்னை நாற்பத்தாறு வயது ஆண் என்று பதிந்திருக்கிறது இந்த மாடு."

அவர் மேலே ஏறிப் பார்த்தார். உதடு நெளிந்தது. அவ்வளவு போதும் எனக்கு. பிடித்துக்கொண்டேன். இதுகளைத்தான் எனக்கு அனுப்புகிறார்கள் சேர் என்றேன். களிமண். ஆங்கிலம் தெரியாது, தமிழ்கூட ஒழுங்காகத் தெரியாது, கையில் பட்ட பொத்தானை அமத்துகிறதுகள். ஆம் என்றால் என்ன இல்லை என்றால் என்ன என்று விளங்காது. அதுகளிலும் இது அடிமட்டம், ஐந்து வாரமாக நான் படிப்பித்ததில் ஒரு சொல் உள்ளே போயிருந்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன். காட்டில் ஐந்து இரவு இருக்கிறதற்கும் கொஞ்சம் மூளை வேண்டும், இதை விட்டால் முற்றத்து மானே வழி காட்டவேண்டும் என்றேன். இந்தப் பெட்டியும் இதுகளுக்கு ஏற்ற பெட்டிதான், இதுவரை ஒரு நோயைச் சரியாகச் சொன்னதில்லை என்றேன். பயணக் கேள்விக் கதையையும் சொன்னேன். நடித்தும் காட்டினேன்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள். அவர் உடைந்த தமிழில் அவளைப் பார்த்து, தம்பி, மீசை எங்கே என்று கேட்டார். அதிபரும் சிரித்தார். அவள் அப்படியே நின்றாள். காது மட்டும் சிவந்திருந்தது. அதிகாரி அந்தப் பதிவைத் தானே தள்ளிவிட்டு, இப்படிப்பட்டவர்களுக்கு இவ்வளவு விலையான சாமானா என்று எழுந்தார். அந்தச் சாமான் பயனில்லை என்று அவர் எழுதிக்கொடுத்திருக்கவேண்டும், இரண்டு கிழமைக்குள் அனுமதியை நிறுத்தினார்கள், பெட்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு உயிரைக் காப்பாற்றிய பெட்டி. அது உதவாது என்று சாட்சி சொன்னவள், அது காப்பாற்றியதைத் தெரிந்த இரண்டு பேரில் ஒருத்தி.

ஜீப் போய்விட்டது. அதிகாரி இருந்த கதிரையிலேயே உட்கார்ந்தேன். அவள் இன்னும் அதே இடத்தில் நின்றாள். அவளுக்கு ஒன்றும் விளங்கியிராது என்று நினைத்து, தமிழில் ஆறுதல் சொன்னேன். இது வகுப்புப் பயிற்சி என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன், அவர் நம்பிவிட்டார், பயப்படாதே, வீட்டிலும் சொல்லாதே என்றேன்.

"எனக்குச் சிங்களம் விளங்கும் மிஸ்," என்றாள். அப்பா துறைமுகத்தில் வேலை செய்தவர், கலவரம் வரும்வரை அங்கே குவாட்டர்ஸில்தான் இருந்தோம், பக்கத்து வீடெல்லாம் சிங்கள ஆக்கள் என்றாள்.

உன்னைக் காப்பாற்றத்தான் அப்படியெல்லாம் சொன்னேன், வேறு வழி இருக்கவில்லை என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஓம் மிஸ், தெரியும். நீங்க இல்லாட்டி என்னைக் கொண்டுபோயிருப்பாங்கள்." வாசல்வரை போய்த் திரும்பினாள். கோபம் இல்லை அவள் முகத்தில், எனக்கு ஏதோ ஒன்றைத் தெரிவிக்கவேண்டும் என்பது போல நின்றாள். "ஆனா மிஸ், சொல்லேக்க நீங்க ஒரு இடத்திலயும் யோசிக்கேல்லை."

பிறகு வாட்டுக்குப் போய்விட்டாள். அந்த ஐயாவுக்கு அன்று துண்டு வெட்டி வீட்டுக்கு விடுகிறார்கள், அவருடைய பையைக் கட்டிக் கொடுக்கவேண்டும். நான் அந்த மூடின ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்தேன். அதிகாரி நம்பியதற்குக் காரணம் என் சிங்களமும் இல்லை, என் நடிப்பும் இல்லை. அந்தச் சொற்களில் ஒன்றைக்கூட நான் தேடவேண்டியிருக்கவில்லை.